லைப்ரரி ஃப்ரீதான், லைசென்ஸ்? சொந்த சாஃப்ட்வேர் விக்கிறவங்க பார்க்க வேண்டிய கணக்கு



ஸ்டார்ட்அப், ஃப்ரீலான்ஸ் வருமானம் பத்தி நம்ம சேனல்ல எப்போ வீடியோ போட்டாலும் ஐடி நண்பர்கள்கிட்ட இருந்து ஒரு கேள்வி தவறாம வருது. "நாங்க சொந்தமா ஒரு சாஃப்ட்வேர் எழுதி விக்கிறோம். உள்ளே நிறைய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு. எல்லாம் ஃப்ரீதானே, அதுல கணக்கு பார்க்க என்ன இருக்கு?"

ஒரு நண்பருக்கு பேங்க் லோன்ல ஜாமீன் கையெழுத்து போடுறீங்க. அன்னைக்கு உங்க பையில இருந்து ஒரு ரூபாய் கூட போகாது. அதுக்காக அந்தக் கையெழுத்தை யாரும் இலவசம்னு சொல்றதில்லை. லைப்ரரி விஷயமும் அப்படித்தான். விலை பூஜ்யம், ஆனா கூடவே சில நிபந்தனைகள் வருது. நீங்க பாட்டுக்கு கோட் எழுதிட்டு இருக்கிற வரைக்கும் அதை யாரும் கேக்க மாட்டாங்க. இன்வெஸ்டர் வர்றப்போ, பெரிய கிளையன்ட் ஒப்பந்தத்தை நீட்டுறப்போ, கம்பெனியையே விக்கப் போறப்போ கேப்பாங்க. அதாவது, பெரிய பணம் கைமாறுற நேரம் பார்த்து வரும்.

நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. அதனால இதைப் பணக் கண்ணோட்டத்துலதான் பார்க்கப் போறேன். எந்த லைசென்ஸ் என்ன கேக்குது, எப்போ கேக்குது, மீறினா என்ன செலவு, இந்த வாரமே நீங்க என்ன செய்யலாம்.

முதல்ல சட்டம்: ஃப்ரீ வேற, சொந்தம் வேற

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் ஒரு இலக்கியப் படைப்பு. நாவலுக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு கோடுக்கும் உண்டு. ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் நகல் எடுக்கணும், மாத்தணும், விநியோகம் பண்ணணும்னா எழுதினவரோட அனுமதி வேணும். அந்த அனுமதிச் சீட்டுதான் லைசென்ஸ்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியுது.

ஒண்ணு, கிட்ஹப்ல பொதுவுல கிடக்குது, ஆனா லைசென்ஸ் ஃபைலே இல்லைன்னா, அந்தக் கோடைப் படிக்கலாம். உங்க ப்ராடக்ட்ல எடுத்துப் போடுற உரிமை உங்களுக்கு வரலை. "லைசென்ஸ் இல்லை, அப்போ யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்"னு நினைக்கிறது நேர் தலைகீழ்.

ரெண்டு, லைசென்ஸ் இருந்து அதோட நிபந்தனையை மீறினா, அனுமதி இல்லாமப் பயன்படுத்தின நிலைமைக்கு வந்துடுறீங்க. நம்ம சட்டத்தோட 55-வது பிரிவுல தடை உத்தரவு, நஷ்ட ஈடு, நீங்க சம்பாதிச்ச லாபத்துக்குக் கணக்கு, மூணுமே கேக்க வழி இருக்கு. ஓடிக்கிட்டிருக்கிற ப்ராடக்ட் மேல தடை உத்தரவு வந்தா, அபராதத்தை விட அதுதான் பெரிய அடி. மாச வருமானமே நின்னுடும்.

நாலு வகை லைசென்ஸ், நாலு வகைச் செலவு

லைசென்ஸ் பேருங்க நூத்துக்கணக்குல இருக்கு. ஆனா சொந்த சாஃப்ட்வேர் விக்கிறவங்க நாலு கூடையாப் பிரிச்சுக்கிட்டா போதும்.

1. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0. இது தாராளமான கூடை. உங்க மூடின சாஃப்ட்வேர்ல சேர்க்கலாம், விக்கலாம், உங்க கோடைக் காட்ட வேண்டாம். அவங்க கேக்குறது மரியாதை மட்டும்: காப்பிரைட் வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் கூடவே வைக்கணும். அப்பாச்சி 2.0 கொஞ்சம் கூடுதலாக் கேக்கும். நோட்டீஸ் ஃபைல் இருந்தா அதையும் வைக்கணும், மாத்தின ஃபைல்ல மாத்தினேன்னு குறிக்கணும். பதிலுக்கு எழுதினவங்களோட பேட்டன்ட் உரிமையும் உங்களுக்கு வெளிப்படையாக் கிடைக்குது. செயலியில "அபவுட்" பக்கத்துல ஒரு பட்டியல் போட்டா முடிஞ்சுது. ஆனா அந்தப் பட்டியலையே நிறைய பேர் போடுறதில்லை.

2. எல்ஜிபிஎல், எம்பிஎல். இது பாதி தாராளம். எல்ஜிபிஎல் லைப்ரரியை உங்க மூடின சாஃப்ட்வேர் பயன்படுத்தலாம். ஆனா லைப்ரரியில நீங்க செஞ்ச மாற்றத்தோட சோர்ஸ் கோடைக் கொடுக்கணும். பயனாளர் அந்த லைப்ரரியை எடுத்துட்டு வேற பதிப்பைப் போட்டுக்க வழியும் விடணும். தனி ஃபைலா, டைனமிக் லிங்க்கா வெச்சா சுலபம். எல்லாத்தையும் ஒரே ஃபைலா ஸ்டாட்டிக் லிங்க் பண்ணினா, திரும்ப லிங்க் பண்ணிக்கிற மாதிரி ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கொடுக்க வேண்டி வரும். எம்பிஎல்ல கணக்கு ஃபைல் வாரியானது: அவங்க ஃபைலைத் தொட்டீங்கன்னா அந்த ஃபைலைத் திறந்து காட்டணும், உங்க சொந்த ஃபைல் உங்களோடது.

3. ஜிபிஎல். 1991-ல வந்த 2-வது பதிப்பும் 2007-ல வந்த 3-வது பதிப்பும்தான் புழக்கத்துல அதிகம். ஜிபிஎல் கோடும் உங்க கோடும் சேர்ந்து ஒரே படைப்பா மாறி, அதை நீங்க இன்னொருத்தருக்குக் கொடுத்தா, மொத்தத்தையும் ஜிபிஎல்ல கொடுக்கணும். சோர்ஸ் கோட் உட்பட. லைப்ரரியை லிங்க் பண்ணினாலே ஒரே படைப்புதான்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சொல்லுது. இல்லைன்னு வாதாடுற வக்கீல்களும் உண்டு. அந்த வாதத்தை உங்க சொந்தக் காசுல கோர்ட்ல நடத்தணுமாங்கிறதுதான் உங்க முன்னாடி இருக்கிற கேள்வி.

4. ஏஜிபிஎல். ஜிபிஎல்ல ஒரு இடைவெளி இருந்துச்சு. சாஃப்ட்வேரை யாருக்கும் கொடுக்காம, சர்வர்ல வெச்சு இணையம் வழியா சேவையா வித்தா "கொடுத்தது" ஆகாது. ஏஜிபிஎல் 3-வது பதிப்பு அதோட 13-வது பிரிவுல அந்த இடைவெளியை அடைச்சுது. ப்ரோக்ராமை மாத்தி நெட்வொர்க் வழியா மத்தவங்க பயன்படுத்த விட்டா, அவங்களுக்கு சோர்ஸ் கோட் கிடைக்க வழி செய்யணும். லைப்ரரியை உங்க ப்ரோக்ராமோட சேர்க்கிறதே "மாத்துறது"ல வருமான்னு வாதம் இருக்கு. விக்கிறவங்க வரும்னுதான் சொல்வாங்க.

ஒரு பில்லிங் சாஃப்ட்வேரை வெச்சுப் பார்ப்போம்

நம்ம ஊருல சின்ன டீம் எழுதுற சாஃப்ட்வேர்ல ஜிஎஸ்டி பில்லிங் ரொம்ப சகஜம். டாட்நெட்ல எழுதுறீங்கன்னு வைங்க. மூணு வேலைக்கு லைப்ரரி தேவைப்படும்: பில்லை பிடிஎஃப்பா மாத்த, ரிப்போர்ட்டை எக்செல்ல இறக்க, டேட்டாபேஸோட பேச.

பிடிஎஃப்னு தேடினா முதல்ல ஐடெக்ஸ்ட் வரும். நல்ல லைப்ரரிதான். ஆனா 2009-ல 5-வது பதிப்பு வந்ததுல இருந்து அது ஏஜிபிஎல். மூடின சாஃப்ட்வேர்ல போடணும்னா அந்தக் கம்பெனிகிட்ட வணிக லைசென்ஸ் வாங்கணும். அதே வேலைக்கு பிடிஎஃப்ஷார்ப் எம்ஐடியில கிடைக்குது.

எக்செல்னு தேடினா ஈபிபிளஸ். அதோட 4-வது பதிப்பு வரைக்கும் எல்ஜிபிஎல். 2020-ல வந்த 5-வது பதிப்புல இருந்து வணிகத்துக்குன்னா பணம் கட்டணும். க்ளோஸ்டுஎக்ஸ்எம்எல் எம்ஐடியில இருக்கு.

டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்னா, ஆரக்கிள் கொடுக்கிற கனெக்டர் ஜிபிஎல் 2. அதுல ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்கு விதிவிலக்கு உண்டு, உங்க மூடின சாஃப்ட்வேருக்கு அது உதவாது. ஏறக்குறைய அதே பேர்ல, தனியா ஒரு குழு நடத்துற இன்னொரு கனெக்டர் இருக்கு. அது எம்ஐடி.

வேலை ஒண்ணு, தரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. முதல் நாள் தேர்வு செய்யுறப்போ 10 நிமிஷம் லைசென்ஸ் பக்கத்தைப் பார்த்திருந்தா செலவே இல்லை. 400 கடையில இன்ஸ்டால் ஆன பிறகு மாத்தணும்னா, கோடைத் திருப்பி எழுதி, டெஸ்ட் பண்ணி, ஒவ்வொரு கடைக்கும் அப்டேட் அனுப்பணும். ரெண்டு டெவலப்பரோட சில மாசச் சம்பளம் அதுல போயிடும்.

ஈபிபிளஸ் கதையில இன்னொரு பாடமும் இருக்கு. லைசென்ஸ்ங்கிறது லைப்ரரி பேரோட ஒட்டினது கிடையாது, பதிப்போட ஒட்டினது. பழைய பதிப்பை பழைய லைசென்ஸ்ல தொடர்ந்து பயன்படுத்தலாம், அந்த உரிமையைப் பறிக்க முடியாது. ஆனா பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அப்டேட் பட்டனைத் தட்டுறப்போ லைசென்ஸும் மாறியிருக்கலாம். 2018-ல மோங்கோடிபியும் 2023-ல டெர்ராஃபார்மும் இப்படி லைசென்ஸை மாத்தினவைதான்.

நிபந்தனை எப்போ உயிர் பெறுது?

ஜிபிஎல்ல எல்லாமே "கொடுத்தா"ங்கிற ஒரு சொல்லுல தொங்குது. உங்க நிலைமை எதுன்னு பாருங்க.

- உங்க ஆபீஸுக்குள்ள மட்டும் பயன்படுத்துறீங்க: யாருக்கும் கொடுக்கலை. ஜிபிஎல் ஒண்ணும் கேக்காது.
- சர்வர்ல வெச்சு சந்தாவா விக்கிறீங்க: ஜிபிஎல் கேக்காது, ஏஜிபிஎல் கேக்கும். ஆனா பிரௌசருக்குப் போற ஜாவாஸ்கிரிப்ட் பயனாளரோட மெஷினுக்கு நகலாப் போகுது. அது கொடுத்ததுதான்.
- கிளையன்ட் மெஷின்ல இன்ஸ்டால் பண்றீங்க, இல்லன்னா டாக்கர் இமேஜா அனுப்புறீங்க: கொடுத்தாச்சு.
- ப்ளே ஸ்டோர்ல ஆப் போடுறீங்க: கொடுத்தாச்சு.
- ஏதாவது கருவிக்குள்ள சாஃப்ட்வேரைப் போட்டு விக்கிறீங்க: கொடுத்தாச்சு.
- ஃப்ரீலான்ஸரா ஒரு ப்ராஜெக்ட்டை முடிச்சு கிளையன்டுக்கு ஒப்படைக்கிறீங்க: இதுவும் கொடுத்ததுதான். இதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

இன்னைக்கு சந்தா மாடல்ல இருக்கிறதால ஜிபிஎல் பத்திக் கவலை இல்லாத கம்பெனிகூட, நாளைக்கு ஒரு பேங்க் வந்து "எங்க சர்வர்லயே போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டா நிலைமை ஒரே நாள்ல மாறிடும்.

ரெண்டு நிஜ வழக்கு, நிஜத் தொகை

"இதுக்கெல்லாம் யாரு கோர்ட்டுக்குப் போறாங்க?"ன்னு கேட்டீங்கன்னா, பிரான்ஸ் கதையைக் கேளுங்க.

அங்கே ஆந்த்ரூவேர்னு ஒரு சின்னக் கம்பெனி. லாசோங்கிற லைப்ரரியை எழுதினாங்க. ஒருத்தர் ஒரே லாகின்ல பல சேவைகளுக்குள்ள போக உதவுற லைப்ரரி. அதை ரெண்டு வழியில கொடுத்தாங்க: ஜிபிஎல் 2-க்கு ஒத்துக்கிட்டா இலவசம், இல்லன்னா பணம் கட்டி வணிக லைசென்ஸ். தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச், 2005-ல பிரெஞ்சு அரசோட இணையச் சேவைத் தளத்துக்கான ஒப்பந்தத்தை எடுத்துச்சு. அதுக்காகக் கொடுத்த சொந்த ப்ராடக்ட்டுக்குள்ள லாசோ இருந்துச்சு. ஜிபிஎல் நிபந்தனைகளை மதிக்கலை, பணமும் கட்டலைங்கிறது புகார்.

2011-ல வழக்கு போட்டாங்க. கீழ் நீதிமன்றங்கள்ல இது காப்புரிமை விஷயமா, வெறும் ஒப்பந்த மீறலாங்கிற வாதத்துலயே வருஷங்கள் ஓடிச்சு. 2022-ல உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டுத் திருப்பி அனுப்புச்சு. 2024 பிப்ரவரி 14 அன்னைக்கு பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. வராமப் போன வருமானத்துக்கு 5 லட்சம் யூரோ, ஆரஞ்ச் அடைஞ்ச லாபத்துக்காக 1.5 லட்சம், தார்மீக இழப்புக்கு 1.5 லட்சம். மொத்தம் 8 லட்சம் யூரோ. அன்னைய மதிப்புல 7 கோடி ரூபாய்க்கு மேல.

அந்தத் தலைப்புகளை ஒரு ஆடிட்டரா நான் பார்க்கிறப்போ, முதல் தொகைதான் கண்ணுல படுது. ரெண்டு லைசென்ஸ் வெச்சிருக்கிற லைப்ரரியில, "நீங்க கட்டாம விட்ட கட்டணம்"னு ஒண்ணு தெளிவா இருக்கு. நஷ்ட ஈடு எவ்வளவுன்னு கணக்குப் போடுறதுக்கு நீதிமன்றம் சிரமப்பட வேண்டியதில்லை. ஐடெக்ஸ்ட், மைஎஸ்க்யூஎல் எல்லாமே இந்த ரெண்டு லைசென்ஸ் வகைதான்.

ரெண்டாவது கதை கம்பெனி வாங்குறவங்களுக்கு. 2003-ல சிஸ்கோ, வீட்டு ரௌட்டர் செய்யுற லிங்க்ஸிஸ் கம்பெனியை சுமார் 50 கோடி டாலருக்கு வாங்குச்சு. அதோட பிரபலமான ரௌட்டருக்குள்ள ஜிபிஎல்ல இருக்கிற லினக்ஸ் ஓடுது, சோர்ஸ் கோட் கொடுக்கலைன்னு அந்த வருஷமே வெளியில தெரிஞ்சுது. அந்தக் கோட் லிங்க்ஸிஸ் எழுதினதில்லை. சிப் கொடுத்த பிராட்காம் வழியா, தைவான்ல ஒரு கம்பெனி செஞ்சது. சங்கிலியில மூணு படி கீழே நடந்ததுக்கு, மேல இருந்த சிஸ்கோ பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. கோடை வெளியிட்டாங்க. அதை வெச்சுத்தான் ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரௌட்டர் சாஃப்ட்வேர் பிறந்துச்சு. அப்புறமும் லிங்க்ஸிஸ் பொருள்கள்ல குறை தீரலைன்னு 2008 டிசம்பர்ல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் வழக்கு போட்டு, 2009 மே மாசம் சமரசத்துல முடிஞ்சுது. லைசென்ஸ் விஷயத்தைக் கவனிக்கன்னே ஒரு அதிகாரியை நியமிக்கவும், ஃபவுண்டேஷனுக்கு ஒரு தொகை கொடுக்கவும் சிஸ்கோ ஒத்துக்கிச்சு.

கம்பெனியை வாங்கினா அதோட கடனும் சேர்ந்து வரும்னு எல்லாருக்கும் தெரியும். லைசென்ஸ் மீறலும் அப்படி வர்ற கடன்தான், ஆனா பேலன்ஸ் ஷீட்ல தெரியாது. அதனாலதான் இன்னைக்கு டியூ டிலிஜென்ஸ்ல கோடையே ஸ்கேன் பண்றாங்க.

நீங்க கையெழுத்து போடுற வரி

முதலீட்டு ஒப்பந்தத்துலயும், வெளிநாட்டு கிளையன்ட் ஒப்பந்தத்துலயும் பெரும்பாலும் இப்படி ஒரு உறுதிமொழி இருக்கும்: இந்த சாஃப்ட்வேர் முழுக்க எங்களுக்குச் சொந்தம், சோர்ஸ் கோடைத் திறக்கச் சொல்ற எந்த லைசென்ஸும் உள்ளே இல்லை, இது தப்புன்னு தெரிய வந்தா வர்ற நஷ்டத்தை நாங்க ஈடு கட்டுறோம். இதுல "நாங்க"ங்கிறது கம்பெனி மட்டுமா, நிறுவனர்களும் சேர்த்தாங்கிறதைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க. நிறுவனர் பேர் தனியா இருந்தா, கம்பெனி பிரைவேட் லிமிடெட்டா இருந்தும் பிரயோஜனம் இல்லை. வீடு, சேமிப்பு எல்லாம் அந்த வரிக்குப் பின்னாடி வந்து நிக்கும்.

ஃப்ரீலான்ஸர்களுக்கு இன்னொண்ணு. நம்ம சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் எழுதின கோட் முதலாளிக்குச் சொந்தம். கான்ட்ராக்ட்ல எழுதின ஃப்ரீலான்ஸரோட கோட், எழுத்துப்பூர்வமா மாத்திக் கொடுக்கிற வரைக்கும் ஃப்ரீலான்ஸருக்கே சொந்தம். அந்தப் பத்திரத்துல காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். அதனால கிளையன்ட், "எல்லா உரிமையும் நிரந்தரமா, உலகம் முழுக்க எனக்கே"ன்னு எழுதிக் கேப்பார். கேக்குறது நியாயம்தான். ஆனா உள்ளே இருக்கிற லைப்ரரி உங்களுக்குச் சொந்தம் இல்லையே! உங்களுக்கு இல்லாத உரிமையை நீங்க எப்படி எழுதிக் கொடுப்பீங்க? "இணைப்புல பட்டியலிட்ட ஓப்பன் சோர்ஸ் பகுதிகள் தவிர, அவை அவற்றோட லைசென்ஸுக்கு உட்பட்டவை"ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. நியாயமான கிளையன்ட் யாரும் மறுக்க மாட்டாங்க.

வணிக லைசென்ஸ் வாங்கினா வரிக் கணக்கு

சில நேரம் பணம் கட்டி வாங்குறதுதான் மலிவு. டெவலப்பரோட 3 மாசச் சம்பளத்தையும் வருஷ லைசென்ஸ் கட்டணத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆனா விலைப்பட்டியல்ல இருக்கிற டாலர் மட்டும் செலவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட வாங்கினா அது சேவை இறக்குமதி. ரிவர்ஸ் சார்ஜ்ல 18% ஐஜிஎஸ்டி நீங்கதான் கட்டணும், அதுவும் பணமா. உங்க விற்பனைக்கு ஜிஎஸ்டி உண்டுன்னா அதை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். "டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குள்ள, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லை"ன்னு இருக்கிறவங்க கவனிங்க: ரிவர்ஸ் சார்ஜ்ல வரி கட்ட வேண்டியவங்களுக்கு டர்ன்ஓவர் வரம்பு கிடையாது, ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம்.

அடுத்தது டிடிஎஸ். சாதாரணமாப் பயன்படுத்த வாங்குற சாஃப்ட்வேருக்குக் கொடுக்கிற பணம் ராயல்டி ஆகாதுன்னு 2021 மார்ச்ல எஞ்சினீயரிங் அனாலிசிஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா நீங்க வாங்குற லைப்ரரியை உங்க ப்ராடக்ட்டுக்குள்ள வெச்சு நகல் எடுத்து விக்கப் போறீங்க. அந்த நகலெடுக்கிற உரிமைக்குக் கொடுக்கிற பணம் வேற மாதிரி பார்க்கப்படலாம். டாலரை அனுப்புறதுக்கு முன்னாடி ஒப்பந்த வாசகத்தை உங்க ஆடிட்டர்கிட்ட காட்டிடுங்க. அனுப்பினப்புறம் டிடிஎஸ் பிடிக்கணும்னு தெரிஞ்சா, அந்தத் தொகை உங்க தலையிலதான் விழும்.

அடிக்கடி கேக்குற நாலு தப்பான நம்பிக்கை

"ஜிபிஎல் சாஃப்ட்வேரைக் காசுக்கு விக்கக் கூடாது." தாராளமா விக்கலாம். வாங்கினவர் அதை இன்னொருத்தருக்கு இலவசமாக் கொடுக்கிறதை மட்டும் தடுக்க முடியாது.

"ஜிபிஎல்னா என் கோடை உலகத்துக்கே இணையத்துல போடணும்." சாஃப்ட்வேர் யார் கைக்குப் போகுதோ அவங்களுக்கு சோர்ஸ் கோட் கிடைக்கணும், அதுதான் அடிப்படை. அவங்ககிட்ட அதைக் கூடவே கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது. பிறகு கேட்டா தர்றேன்னு எழுதிக் கொடுக்கிற வழியை எடுத்தா, 2-வது பதிப்புல யார் கேட்டாலும் கொடுக்க வேண்டி வரும்.

"நான் எம்ஐடி லைப்ரரி மட்டும்தான் சேர்த்தேன்." அந்த லைப்ரரி தன் கூட எத்தனை லைப்ரரியை இழுத்துட்டு வருதுன்னு பார்த்தீங்களா? நீங்க சேர்த்தது 12, உள்ளே வந்தது 300-ன்னு இருக்கும். ஒப்பந்தத்துல நீங்க உறுதி கொடுக்கிறது அந்த 300-க்கும் சேர்த்துத்தான்.

"ஸ்டாக் ஓவர்ஃப்ளோல இருந்து நாலு வரி எடுத்தா என்ன?" அங்கே போடுற பதிலுக்கும் லைசென்ஸ் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ்ல, பேர் சொல்லணும், அதே மாதிரி பகிரணும்ங்கிற வகை. ரெண்டு வரிக்கு யாரும் வரப்போறதில்லை. பெரிய பகுதியை அப்படியே ஒட்டாம, புரிஞ்சுக்கிட்டு நீங்களே எழுதுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

கடையில ஸ்டாக் ரிஜிஸ்டர் வைக்கிற மாதிரி லைப்ரரிக்கு ஒரு ரிஜிஸ்டர் போடுங்க. எக்செல் ஷீட்டே போதும். காலம் இவ்வளவுதான்: லைப்ரரி பேர், பதிப்பு எண், லைசென்ஸ், எங்கே பயன்படுது, நாம மாத்தினோமா, வெளியே போகுதா, யார் எப்போ சேர்த்தாங்க.

கையால எழுத வேண்டியதில்லை. நோட், பைத்தான், ஜாவா எதுவா இருந்தாலும், உள்ளே இருக்கிற எல்லா லைப்ரரியோட லைசென்ஸையும் பட்டியல் போட்டுத் தர்ற இலவசக் கருவிகள் இருக்கு. ஸ்கேன்கோட், ஃபாசாலஜி மாதிரி கருவிகள் ஃபைல் ஃபைலாப் பார்த்துச் சொல்லும். இந்தப் பட்டியலோட முறைப்படுத்தின வடிவத்துக்கு எஸ்பிஓஎம்னு பேர். நம்ம செர்ட்-இன் அமைப்பு 2024-ல இதுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அரசுத் துறை, பேங்க் மாதிரி கிளையன்ட்டை எதிர்பார்க்கிறவங்க இப்பவே தயாரா இருக்கிறது நல்லது.

பட்டியல் வந்ததும் மூணு கலர் அடிங்க. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி பச்சை. எல்ஜிபிஎல், எம்பிஎல் மஞ்சள், எப்படி லிங்க் ஆகுதுன்னு பார்க்கணும். ஜிபிஎல், ஏஜிபிஎல், லைசென்ஸே இல்லாதது, "வணிகத்துக்கு இல்லை"ன்னு எழுதினது எல்லாம் சிவப்பு.

சிவப்பு வந்தா பதற வேண்டாம். நாலு வழி இருக்கு. அதே வேலை செய்யுற பச்சை லைப்ரரிக்கு மாறுறது, வணிக லைசென்ஸ் வாங்குறது, அந்தப் பகுதியைத் தனி ப்ரோக்ராமாப் பிரிச்சு வைக்கிறது, இல்லன்னா அந்தப் பகுதியைத் திறந்தே கொடுத்துடுறது. பிரிச்சு வைக்கிற வழியை மட்டும் வக்கீல் பார்க்காம செய்யாதீங்க, எந்த அளவுக்குப் பிரிச்சா தனின்னு சொல்றது சட்டக் கேள்வி.

நோட்டீஸ் வந்துட்டாலும் எல்லாம் முடிஞ்சு போயிடலை. ஜிபிஎல் 2-வது பதிப்புல மீறின உடனே உரிமை தானா ரத்து ஆகும். 3-வது பதிப்புல ஒரு வாய்ப்பு இருக்கு: முதல் தடவையா அந்த உரிமையாளர்கிட்ட இருந்து நோட்டீஸ் வந்து, 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா உரிமை திரும்பக் கிடைக்கும். அந்த 30 நாள்ல எந்த லைப்ரரி எங்கே இருக்குன்னு தேடவே 25 நாள் போச்சுன்னா பிரயோஜனம் இல்லை. ரிஜிஸ்டர் இருக்கிறவங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு உண்மையில வாய்ப்பு. பணம் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தா உங்க ஆடிட்டர்கிட்டயும் சொல்லிடுங்க. வருஷக் கணக்குல அதை எப்படிக் காட்டணும்னு முடிவு பண்ண வேண்டியிருக்கும்.

இதுல எதுவும் ஓப்பன் சோர்ஸ் வேண்டாம்னு சொல்றதுக்காக இல்லை. அது இல்லாம இன்னைக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கூட ஓடாது. ஊர் பேர் தெரியாத யாரோ பல வருஷம் உழைச்சு எழுதினதை நாம எடுத்து வியாபாரம் பண்றோம். பதிலுக்கு அவங்க கேக்குறது பெரும்பாலும் பேரைப் போடு, திருத்தினதைத் திருப்பிக் கொடுங்கிற அளவுதான். அதைப் படிச்சுப் பார்த்து, முடிஞ்சா ஒத்துக்கிட்டு, முடியலைன்னா வேற லைப்ரரியைத் தேடிக்கலாம்.

அந்த ரிஜிஸ்டரோட மாதிரி எக்செல் ஷீட்டை இந்தப் பதிவோட வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல வெச்சிருக்கேன். இறக்கிக்கிட்டு, சனிக்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம் ஒதுக்கி, உங்க ப்ராடக்ட்டோட முதல் 20 லைப்ரரியை மட்டும் எழுதிப் பாருங்க. எத்தனை சிவப்பு வந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க.